பெயருக்குப் பின்னால் சில எழுத்துக்கள்

படித்துப் பட்டம் பெற்றவர்களின் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்றும் எம்.எஸ்ஸி. என்றும் எழுத்துக்கள் நிற்பதைக் காண்கிறோம். அவற்றின் பொருள் நமக்குத் தெரியும். ஆனால் சிலருடைய பெயருக்குப் பின்னால், பட்டத்தையும் தாண்டி, வேறு சில எழுத்துக்கள் நிற்கின்றன. பொறியாளராயின் எம்.ஐ.இ. என்று போட்டுக்கொள்கிறார், சுற்றுச்சூழல் மேலாண்மைத் துறையினராயின் எம்.ஐ.எஸ்.இ.பி. என்று போட்டுக்கொள்கிறார். இவற்றைத் தந்த பல்கலைக்கழகம் எது? எந்தப் பல்கலைக்கழகமும் அன்று. அந்தந்தத் தொழிலைச் செய்வோர் தாமே கூடி அமைத்துக்கொண்ட கழகங்கள் தந்தவை இவை.

நம் மன்றத்துக் கூட்டங்களுக்கு நான் வரும்போதெல்லாம் சூழலியல், வேதியியல், பொறியியல் பயிலும் தம்பி தங்கையர் என்னைச் சுற்றிக்கொண்டு கேட்பது இதைப் பற்றித்தான். “அண்ணா, அந்த எழுத்துக்களால் வேலை கிடைக்குமா? அதற்கு எப்படி விண்ணப்பிப்பது? பணம் கட்டினால் போதுமா?” என்பார்கள். நான் இவ்வூரில் படித்து, இவ்வூரிலேயே கழிவு நீர்த் துறையில் பணிபுரிந்து, அத்தகைய கழகம் ஒன்றில் முழு உறுப்பினராகச் சேர்ந்தவன். ஆதலால் அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கு ஒருசேர எழுதுகிறேன்.

பட்டத்திற்கும் முழு உறுப்பினர் பதவிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். “நீ என்ன கற்றாய்?” என்று கேட்டுத் தருவது பட்டம். “கற்றதைக் கொண்டு என்ன செய்தாய்? செய்ததற்கு நீ பொறுப்பேற்பாயா?” என்று கேட்டுத் தருவது உறுப்பினர் பதவி. பட்டம் ஒரு முறை பெற்றால் வாழ்நாள் முழுதும் நிற்கும். உறுப்பினர் பதவியோ, ஆண்டுதோறும் புதிதாகக் கற்றும், கழகத்தின் ஒழுக்க விதிகளைக் காத்தும் வந்தால்தான் நிற்கும்.

இத்தகைய கழகங்களுக்கும் நம் இரண்டு ஊர்களுக்கும் பழைய உறவு உண்டு. சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழிற் கமிஷனுக்குப் பிறகு, இந்நாட்டுப் பொறியாளர்களுக்கென ஒரு கழகம் வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. அதன் பயனாகத் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகம் 1920இல் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. 1921இல் கல்கத்தாவில் தொடங்கி வைக்கப்பட்டது. 1935இல் அரச சாசனம் பெற்றது. இன்றும் அதன் தலைமையகம் இந்நகரில் கோகலே சாலை 8ஆம் எண் கட்டடத்தில்தான் இருக்கிறது. சென்னையில் பெயர் பதிந்து கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளை அது. நம்மில் பலரையும் போல! அக்கழகத்தில் பொறியியல் 15 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் பொறியியல் அவற்றுள் ஒன்று. இணை உறுப்பினர், உறுப்பினர், ஃபெல்லோ என்று மூன்று படிகள் உண்டு. பொதுச் சுகாதாரப் பொறியாளர்களுக்கென இயங்கும் கழகமும் இந்நகரில் சால்ட் லேக்கில் தலைமையகம் வைத்திருக்கிறது.

பொறியாளர் அல்லாதாருக்கும் இடம் தருவது பிரிட்டனில் உள்ள சுற்றுச்சூழல் மேலாண்மைக் கழகம். முன்னர்த் தனித்தனியே இயங்கிய மூன்று அமைப்புக்கள் 1999இல் ஒன்றுசேர்ந்து ஐ.இ.எம்.ஏ. என்ற பெயரில் உருவானது அது. 2025இல் பெயர் மாற்றிக்கொண்டு ஐ.எஸ்.இ.பி. ஆயிற்று. வேதியியல் படித்தவர், தாவரவியல் படித்தவர், சட்டம் படித்தவர், யாராயினும் சுற்றுச்சூழல் மேலாண்மையில் உழைத்தவராயின் அங்கே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போரும் பலர். முழு உறுப்பினர் பதவியைப் பற்றி நான் இனிச் சொல்வன பெரும்பாலும் இக்கழகத்தின் முறையை ஒட்டியவை. ஆயினும் அதன் உட்பொருள் எல்லாக் கழகங்களுக்கும் பொது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்கலாம். மருத்துவர் பதிவு செய்துகொள்ளாமல் மருத்துவம் பார்க்க இயலாது. கணக்காய்வாளருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் மேலாளராக அமர்பவருக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. சில குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களை இந்தியத் தர மன்றத்தின் திட்டம் ஆராய்ந்து ஏற்பளிக்கிறது. அத்திட்டத்தில் காற்று, நீர், ஒலி, உயிரினம், மண் என 12 துறைகளுக்குத் தனித்தனி வல்லுநர்கள் வேண்டும். 2025இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் தணிக்கையாளருக்குச் சான்றும் பதிவும் வேண்டும் என்கின்றன. இவற்றுக்கு வெளியே பணிபுரியும் பெருந்தொகையினருக்கு, “இவர் தொழில் அறிந்தவர், நேர்மை உடையவர்” என்று சொல்ல யார் உளர்? அதே தொழிலில் ஊறிய பெரியோர்தாம் சொல்ல வேண்டும். முழு உறுப்பினர் பதவி என்பது அவர்கள் சொல்லும் சொல்லே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மருத்துவருக்குக் கட்டணம் தருகிறவரும் நோயாளி, நலம் பெறுகிறவரும் நோயாளி. சுற்றுச்சூழல் மேலாளருக்கோ சம்பளம் தருகிறவர் தொழிற்சாலைக்காரர். அவருடைய கவனத்தாலோ கவனக்குறைவாலோ வாழ்வும் கேடும் அடைகிறவர் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கும் யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவரை அவர் பார்த்ததுகூட இருக்காது. இப்படிப்பட்ட தொழிலுக்கு, முதலாளியும் அல்லாத, அரசும் அல்லாத மூன்றாவது கண் ஒன்று வேண்டும் அல்லவா?

சரி, கழகம் கேட்பது என்ன? முதலாவது, துறை அறிவு; சட்டமும் அறிவியலும் மேலாண்மை முறைகளும் தெரிந்திருத்தல். இரண்டாவது, பொறுப்பான நிலையில் பெற்ற அனுபவம். மூன்றாவது, சிக்கல் எழும்போது தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல். நான்காவது, பிறரை இணங்கச் செய்து காரியத்தை முடிக்கும் திறம். ஐந்தாவது, ஒழுக்கம். இவற்றை முதலில் எழுத்தில் காட்ட வேண்டும். பிறகு, ஏற்கெனவே உறுப்பினராக இருப்போர் இருவர் விண்ணப்பதாரரோடு உரையாடி, எழுதியதெல்லாம் மெய்தானா என்று அறிவார்கள். வினாத்தாளும் இல்லை, மனப்பாடமும் உதவாது. அவரவர் செய்த வேலையே பாடப் புத்தகம்.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஓர் இடையூறு இருப்பதைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பம் எழுதிய இளைஞர் சிலர் என்னிடம் காட்டுவதுண்டு. “எங்கள் நிலையத்தில் கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டது, புதிய முறை அறிமுகப்படுத்தப்பட்டது, நல்ல பயன் காணப்பட்டது” என்றிருக்கும். யார் சுத்திகரித்தார்? யார் அறிமுகப்படுத்தினார்? எவருக்கும் தெரியாது. எல்லாம் தாமே நடந்தது போலச் செயப்பாட்டு வினையில் நிற்கும். மிஞ்சினால் “நாங்கள்” என்று வரும். “நான்” என்று எழுதச் சொன்னால் கூசுகிறார்கள். தற்புகழ்ச்சி ஆகாது என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்த பண்பு அது. நல்ல பண்புதான். ஆனால் நம் இலக்கணப் பெரியார் பவணந்தி முனிவரே நன்னூலில் இதற்கு விலக்குக் கூறியிருக்கிறார். மன்னனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவில் இருக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதல் தகும் என்பது அவர் கருத்து. கழகத்திற்கு எழுதும் விண்ணப்பம் அவைக்கு எழுதும் ஓலையே. படிப்பவர் நம் ஆற்றலை அறியாதவரே. இரண்டு விதியும் பொருந்துகின்றன!

உண்மையில் அங்கே “நான்” என்பது புகழ்ச்சிச் சொல்லும் அன்று, பொறுப்புச் சொல். “கழிவு நீர் கால்வாயில் விடப்பட்டது” என்று ஓர் அறிக்கை சொன்னால், குற்றம் சாட்ட ஆள் இல்லை. “நான் விடச் சொன்னேன்” என்றால் ஆள் இருக்கிறார். தாக்க அறிக்கைகளில் ஒவ்வொரு வல்லுநரும் தம் பங்கைத் தன்மை ஒருமையில் உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருப்பதும் இதனால்தான். நன்மைக்கு “நான்” என்று சொல்லக் கூசுகிறவன், தீமைக்கும் “நான்” என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்வான். முழு உறுப்பினர் பதவியின் சாரம் இவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது என்பேன்.

தானே ஆராய்ந்து முடிவெடுத்தல் என்பதற்கு இந்நகரிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. நகரின் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களை நீங்கள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலோ, தாபா பக்கம் போகும்போதோ கண்டிருக்கலாம். நகரின் சாக்கடை நீர் கால்வாய்கள் வழியே அங்குள்ள ‘பேரி’ என்னும் ஆழமற்ற மீன் குளங்களுக்குச் செல்கிறது. வெயில் படுகிறது, பாசி வளர்ந்து நீரில் ஆக்ஸிஜனைப் பெருக்குகிறது, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன, பாசியையும் சிற்றுயிர்களையும் மீன் உண்கிறது, தெளிந்த நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. மீனவரும் உழவரும் தம் அனுபவத்தால் வளர்த்த முறை இது. 1980களில் மாநில அரசின் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ் இதனை ஆராய்ந்தார். சாக்கடை என்றால் இயந்திர நிலையம் கட்டுவதுதானே பொறியாளர் வழக்கம்? அவரோ குளத்தங்கரைக்குச் சென்று மீனவரிடம் கற்றார். நிலத்தை வரைபடத்தில் ஏற்றினார். இது காக்கப்பட வேண்டியது என்று வாதாடினார். 1990இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. 1992இல் உயர்நீதிமன்றம் இந்நிலங்களைக் காக்கும் தீர்ப்பு வழங்கியது. 2002இல் ராம்சார் பட்டியலில் 12,500 ஹெக்டேர் இடம்பெற்றது. 2006இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 2018இல் அவர் மறைந்தார்.

இதில் கருத வேண்டியது யாது? விருது அன்று. பாடநூல் ஒரு வழி காட்ட, கண்ணெதிரே வேறு வழி இருப்பதைக் கண்டு, அளந்து பார்த்து, இதுவே தக்கது என்று ஒருவர் தம் பெயரைப் பணயம் வைத்துச் சொன்னார். கழகம் நம்மிடம் கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அளவில் சிறியதாக இருக்கலாம், அவ்வளவே.

சட்ட அறிவு என்பதற்கும் நம் இரு மாநிலங்களையும் சேர்த்தே எடுத்துக்காட்டுச் சொல்லலாம். 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு விளைத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், கல்கத்தாவின் தாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதித் தோல் தொழிற்சாலைகள் நகரை விட்டுப் பெயர வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றுக்கென அமைந்ததுதான் பான்தலாவின் தோல் தொழில் வளாகம். ஆம்பூரிலிருந்து வந்து இங்கே படிக்கும் மாணவன் ஒருவன் இவ்விரு தீர்ப்புக்களையும் படித்து, இரண்டு ஊருக்கும் சென்று, குரோமியத்தை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்து வைத்தால், அதைவிடச் சிறந்த ஆரம்பம் எது?

இனி உரையாடலைப் பற்றிச் சொல்கிறேன். என் விண்ணப்பத்தில் நான் எழுதிய நிகழ்ச்சிகளுள் ஒன்று இது. ஒரு தொழிற்சாலையின் கழிவு நீர் நிலையம் என் பொறுப்பில் இருந்தது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீருக்குப் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது பொது விதி. மாதிரி எடுக்கும் நாள் வந்தது. “ஞாயிறு காலையில் எடுத்துவிடுங்கள்” என்றார் மேலே இருந்த ஒருவர். ஞாயிறு காலையில் சலவைப் பகுதி ஓடாது. நீர் தெளிவாக வரும். எண்ணும் அழகாக வரும். நான் மறுத்தேன். வேலை நாள் முழுதும் மணிக்கு ஒரு முறை எடுத்துக் கலந்த மாதிரிதான் நிலையத்தின் உண்மை நிலையைக் காட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதியபடியே எடுத்தேன். எண் வரம்பைத் தாண்டியிருந்தது. சில நாள் முகங்கள் கடுத்தன. ஆனால் அந்த எண்ணைக் காட்டித்தான், பழுதாகிக் கிடந்த காற்று ஊதும் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பணம் கேட்க முடிந்தது, பணம் வந்தது, நீரும் வரம்புக்குள் வந்தது.

உரையாடலில் இருந்த இருவரும் வேதியியலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. “அவர் உங்கள் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால்?” என்று கேட்டார்கள். “அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருந்திருக்காது. அடுத்தபடி அவருக்கும் மேலே உள்ளவருக்கு எழுதியிருப்பேன்” என்றேன். “அதுவும் பயன் தராவிடில்?” என்றார்கள். “வேலையை விட வேண்டி வரும். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நினைவுக்கு வரும். எளிதாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்து மட்டும் இட்டிருக்க மாட்டேன்” என்றேன். ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொழிற்சாலைகள் அனுப்ப வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை முதலாக, இத்தொழிலில் எத்தனையோ தாள்கள் நம் கைவழியே போகின்றன. அத்தாளில் உள்ள எண்ணை நம்பித்தான் அரசு நடக்கிறது, நீதிமன்றம் நடக்கிறது. எண் பொய்யானால் மேலே உள்ள சட்டமெல்லாம் காகிதமே.

நண்பர்களே, மாணவராக இருக்கும்போதே நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

ஒன்று, நாட்குறிப்பு வையுங்கள். களப்பணிக்குச் சென்றாலும், ஆய்வுக்கூடத்தில் நின்றாலும், அன்று கண்டது, அளந்தது, முடிவு செய்தது, அதன் காரணம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து விண்ணப்பம் எழுத உட்காரும்போது நினைவு உதவாது. நோட்டுப் புத்தகம் உதவும்.

இரண்டு, முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். “நீரின் தரம் உயர்ந்தது” என்பது பேச்சு. எதிலிருந்து எதுவரை உயர்ந்தது என்பதே சான்று.

மூன்று, மாணவர்க்கும் புதிதாய்ப் பட்டம் பெற்றோர்க்கும் கழகங்கள் கீழ்ப்படி உறுப்பினர் பதவி வைத்திருக்கின்றன. அதில் சேர்ந்து கூட்டங்களுக்குச் செல்லுங்கள். முழு உறுப்பினர் பதவிக்கு ஓடோடி விண்ணப்பிக்க வேண்டா. பொறுப்பான வேலை சில ஆண்டுகளாவது கையில் இருக்கட்டும்.

நான்கு, கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவன. கழகத்திடமே நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கழகமாயின் ஆண்டுச் சந்தா நம் சம்பளக் கணக்கில் பெரிதாகவே தோன்றும். வெளிநாட்டு நிறுவனங்களோடு பணிபுரிய விரும்புவோர்க்கு அது பயன்படலாம். இந்நாட்டிலேயே பொறியாளராக உழைக்க விரும்புவோர் கோகலே சாலைக் கழகத்தை முதலில் நாடலாம். இரண்டில் எதுவாயினும், எழுத்துக்களால் மட்டும் வேலை வந்து கதவைத் தட்டும் என்று எண்ணாதீர்கள்.

ஐந்து, இவ்வூர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். குளத்தங்கரை மீனவரும் தோல் தொழிலாளியும் தம் அறிவை ஆங்கிலத்தில் சொல்லமாட்டார்கள். வங்காளமும் இந்தியும் பேசத் தெரிந்த அளவுக்குத்தான் இந்நகரின் நீர் உங்களுக்குப் புரியும்.

ஆறு, “நான் செய்தேன்” என்று எழுதப் பழகுங்கள். பிறர் செய்ததை நமதென்று சொல்லுதல் கூடாது. நாம் செய்ததைப் பிறர் தலையில் ஏற்றுதலும் கூடாது. குழுவோடு செய்த வேலையாயின், குழு செய்தது இது, அதில் என் பங்கு இது என்று பிரித்து எழுதுங்கள்.

இத்துறைக்கு ஆட்கள் நிறைய வேண்டும். பாலாற்றிலும் நொய்யலிலும் வேலை இருக்கிறது. ஆதி கங்கையிலும் இருக்கிறது. இயந்திரங்கள் விலைக்குக் கிடைக்கும். சட்டங்களும் ஏட்டில் போதிய அளவு இருக்கின்றன. உண்மையான எண்ணை எழுதி, அதன் கீழ்த் தம் பெயரை எழுதத் துணிபவர்கள்தாம் குறைவு. அவர்களுள் ஒருவராக ஆவதற்கு இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கழகம் தரும் எழுத்துக்கள் பின்னால் வரட்டும். அவற்றுக்கு முன்னால் நிற்கும் பெயர் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.